முதுகில் விளைந்த உப்பு

முதல் அநியாயம் ஓடையைத் தூர்த்தது. இரண்டாவது, தூர்த்த ஓடையின் மேல் உப்பளம் போட்டுவிட்டு, அந்த ஓடையில் மீன் பிடித்தவர்களையே அந்த அளத்துக்குக் கூலிக்குக் கூப்பிட்டது. மூன்றாவது, வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் பூத்துப்போகிறது, கறுப்புக் கண்ணாடி கொடுங்கள் என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டும் உப்பு வாரலாமே என்று சொன்னது. நான்காவது, காலில் புண் வராமலிருக்க ரப்பர் பூட்ஸ் வந்து இறங்கியபோது மூட்டை முழுக்க இடது கால் பூட்ஸாகவே இருந்ததும், வலது கால் அடுத்த லாரியில் வருகிறது என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனதும். ஐந்தாவது, அளத்தில் வேலையில்லாத மழைக்காலத்துக்குத் தொழிலாளர் நல வாரியம் தரும் உதவியை வாங்க வேண்டுமென்றால் கைரேகை வை என்றது. உப்பு தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ஆறாவது, ரேகை இல்லாதவர்களிடம் ரேகைக்குப் பதிலாக மற்றதையெல்லாம் கேட்டு வாங்கியது: அப்பன் பெயர், சாதி, ரத்த வகை, தீராத நோய், முதல் தாரம், இரண்டாம் தாரம், எங்கே கணக்கு, எவ்வளவு கடன். ஏழாவது, அப்படி வாங்கியதையெல்லாம் கொண்டுபோய்க் கதவில்லாத வீட்டில் வைத்தது.

கீழத்தருவையில் மாசானம் வாயைத் திறந்தால் இந்த வரிசையில்தான் திறப்பார். கூட்டத்தில் யாராவது அவசரப்பட்டுப் பூட்ஸைக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துவார். "கண்ணாடிக்கு முன்னால பூட்ஸ் எப்படிவே வரும்? அவன் வரிசையாத்தான செஞ்சான், நாம வரிசையாச் சொன்னா என்ன?" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. கூட்டங்களில் விற்கும் மலிவுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுத்துக் கற்றவர். அணிலும் ஆடும் வருவதற்கு முன்பே அவருக்குச் சுரண்டல் என்ற சொல் வந்துவிட்டது. நாற்பது வருடமாக அளத்து வாசலில் நின்று அவற்றை உரக்க வாசித்திருக்கிறார், ஒரு வரியையும் விட்டதில்லை, ஒரு வரியையும் சேர்த்ததில்லை, கேட்டவர்கள் கொட்டாவி விட்டாலும் கடைசி வரியில் அச்சகத்தின் முகவரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் துண்டை உதறித் தோளில் போடுவார்.

எட்டாவது அநியாயம் ஒன்று உண்டு. அதை அவர் எந்த வாசலிலும் சொன்னதில்லை, ஏனென்றால் அது அவர் பெற்ற பிள்ளைக்கு நடந்தது, அதைச் செய்ததில் அவருடைய ஊருக்கும் பங்கிருந்தது.

பிள்ளை ஒன்றே ஒன்று, பெண். கனல்மொழி என்று பெயர் வைத்து, பெயருக்கு முன்னால் தன் எழுத்தை மட்டும் போடாமல் மனைவி பேச்சியம்மாளின் எழுத்தையும் சேர்த்து, மா. பே. கனல்மொழி என்று பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு எழுத வைத்தார். அவள் கம்ப்யூட்டர் படித்து, மதுரையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனியில் பேக்எண்ட் டெவலப்பராகச் சேர்ந்தாள். அப்படியென்றால் என்ன வேலை என்று அவர் கேட்டபோது அவள் சொன்னாள்: "டீக்கடையில பலகாரத் தட்டு வெளிய தெரியும்லாப்பா? அடுப்பும் எண்ணெயும் உள்ள இருக்கும்லா? நான் அடுப்புப் பக்கம்."

"அடுப்புப் பக்கம் நிக்கதுக்கா ஒன்னைய இவ்வளவு படிக்க வச்சேன்?"

"அடுப்பு இல்லாம கடையே இல்லப்பா."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது அவளுடைய இன்னொரு ஆசை. வேலை முடிந்து வந்தபிறகும் அவள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, பழகுவதற்கென்றே பூட்டிவைத்த பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். சைபர் பாதுகாப்பு என்று பெயர் சொன்னாள். நாளைக்கு அதையே முழு வேலையாகச் செய்யப்போகிறேன் என்றாள். ஊரில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறதென்று பார்த்து, வீட்டுக்காரனிடம் போய் உன் கதவு திறந்து கிடக்கிறது என்று சொல்கிற வேலை.

"சொன்னா?"

"சில பேரு நன்றி சொல்லுவாங்க. சில பேரு நீ ஏன் எங் கதவைத் தொட்டேன்னு கேஸ் போடுவாங்க."

"ரெண்டாவது ஆளைத்தான் எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் மாசானம்.

உப்புத் தொழிலாளர் விவரங்களைக் கட்டிக்காக்கும் வேலையை வாரியம் அந்தக் கம்பெனிக்குத்தான் கொடுத்திருந்தது. தன் ஊர்க்காரர்களின் விவரத்துக்குப் பூட்டுப் போடும் வேலை தனக்கே வந்ததில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். பேச்சியம்மாள் அதைக் குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள்.

பேச்சியம்மாள் செத்தது மாசி மாதத்தில். மாரை அடைத்ததென்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பாடை கட்டும்போது மாசானம் சொன்னார்: எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, அவள்தான் கொள்ளி வைப்பாள், மணியும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். ஊர் முழுக்கச் சுடுகாட்டுப் பாதைக்கு வந்தது, வழியனுப்ப அல்ல, வழிமறிக்க. முன்னால் நின்றவர் அளத்துக் கங்காணி தவசிக்கனி, முதலாளிக்கு ஊரிலிருந்த வாய்.

"பொம்பளப்பிள்ள கொள்ளிச்சட்டி தூக்குனா பாத்தியில உப்பு விளையாதுவே மாசானம்."

"விளையாட்டி ஒம்ம மொதலாளிக்குத்தான் நட்டம். எங்களுக்குக் கூலியே விளையலையே."

கனல்மொழி நெருப்புச் சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். சட்டியிலிருந்து பொறி பறந்ததால் கூட்டம் தானாக விலகியது, விலகினவர்கள் மறக்கவில்லை. சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே வந்து, அவள் சட்டியை உடைப்பதை, கொள்ளியை வைப்பதை, அங்கேயே சாயந்தரம் வரைக்கும் நிற்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு போனார்கள். "கனல்மொழியாம் கனல்மொழி, பேரைப் பாரு!" என்று தவசிக்கனி கத்தினது ஓடைக்கரை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கீழத்தருவையில் எதையும் கொள்ளி வச்ச நாளுக்கு முன்னால, கொள்ளி வச்ச நாளுக்குப் பின்னால என்றுதான் கணக்குச் சொன்னார்கள். ஆடு செத்தால் அந்த நாளால், கிணறு வற்றினால் அந்த நாளால்.

அன்று காலையில் நடந்த ஒன்றை மாசானம் பார்த்திருந்தார், பெரிதாக நினைக்கவில்லை. பாடை தயாராவதற்குள் அவளுக்குப் போன் வந்தது. அவள் உடைமரத்தடிக்குப் போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, போனில் எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உப்பு விளையாது என்றார் தவசிக்கனி. விளைந்தது. பங்குனி வெயிலில் ஒருநாள் இசக்கிமுத்து குனிந்து பலகை தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் கூடை வைத்திருந்த சந்தனமாரி கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்க முதுகுல என்னமோ எழுதியிருக்கு" என்றாள். வியர்வை காய்ந்த இடத்தில் உப்புப் பூத்திருந்தது, எல்லார் முதுகிலும் தினமும் பூப்பதுதான், ஆனால் அன்று அது எழுத்தாகப் பூத்திருந்தது, அச்சில் வார்த்ததுபோல வரிவரியாக. அவள் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் வாசித்தாள். பெயர் இசக்கிமுத்து, தகப்பன் பெயர் சுடலை, ரத்தம் ஓ பாசிட்டிவ், நோய் என்று வந்ததும் நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தின இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். வெளியே சொன்னால் டீக்கடையில் தனித் தம்ளர் வைத்துவிடுவார்களே என்று இசக்கிமுத்து தர்மாஸ்பத்திரிக்கு அடுத்த ஊர் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கிவந்த நோயை அளம் முழுக்கக் கேட்டது.

மத்தியானத்துக்குள் எல்லார் முதுகிலும் விளைந்துவிட்டது.

பம்பில் குளித்தால் கரைந்தது. வெயிலில் வியர்த்தால் திரும்ப வந்தது, ஒரு எழுத்தும் மாறாமல், சட்டைக்கு மேலும் ரவிக்கைக்கு மேலும் வெள்ளையாக. வாரியத்து அதிகாரி காரில் வந்து கண்ணாடியை இறக்காமல் பார்த்துவிட்டு, இது தோல் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எழுதிக்கொண்டு போனார். டாக்டர் வந்து இது தோல் சம்பந்தப்பட்டதல்ல, வாரியம் சம்பந்தப்பட்டது என்றார். அதற்குமேல் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாத்தியில் விளைவதுபோல முதுகில் விளைகிறது, வேலை ஆக வேண்டுமே.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னைத் திருப்பிப் போட்டுக்கொண்டது. டீக்கடையில் நடு பெஞ்சு காலியாகக் கிடந்தது, சுவரோரத்துக்குச் சண்டை நடந்தது. பஸ்ஸில் கடைசி வரிசைக்குத்தான் முதலில் ஆள் ஏறியது. தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் கும்பிட்டுவிட்டு, ஒருவரைப் பார்த்தபடியே மற்றவர் பின்னோக்கி நடந்து போனார்கள். வட்டிக்குக் கொடுப்பவர்கள் முன்னால் வந்து கேட்பதை விட்டுவிட்டு எப்போதும் ஆளுக்குப் பின்னாலேயே நடந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி வேண்டாம், பிள்ளையை உச்சிவெயிலில் ரெண்டு குடம் தண்ணி எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார்கள். கட்சிக்காரர்கள் வந்து எந்தத் தெருவில் எந்தச் சாதி எத்தனை என்று முதுகைப் பார்த்தே எண்ணி முடித்தார்கள். முகம் தெரியாத குரல்கள் போனில் கூப்பிட்டு, தகப்பன் பெயரையும் ரத்த வகையையும் சரியாகச் சொல்லி, அக்கா நலமா என்று கேட்டு, இருந்த கொஞ்சத்தையும் துடைத்துக்கொண்டு போயின.

தன் முதுகைத் தான் வாசிக்க முடியாது. அதுதான் ஊரைப் பிடித்து ஆட்டியது. என் முதுகில் இருப்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. உன் முதுகு எனக்குத் தெரியும். நம்பிக்கையான ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உடைமரத்து மறைவுக்குப் போய் வாசிக்கச் சொன்னார்கள்; வாசித்தவர்கள் பாதியை விழுங்கினார்கள்; விழுங்கின பாதியைக் குழாயடியில் துப்பினார்கள். ஒருத்தி தன் புருஷனுக்கு வாரிசாக வேறொரு பெண்ணின் பெயர் இருப்பதை வாசித்தாள். ஒருவன் தன் தகப்பன் பெயர் என்று இத்தனை வருடம் சொல்லிவந்த பெயர் தன் முதுகில் இல்லை என்று கேட்டு, அன்றைக்கே ரயிலேறிப் போனான்.

மாசானத்தின் நெஞ்சை அறுத்தது வேறொன்று. எழுதப்படிக்கச் சொல்லித் தருகிறேன் வாருங்கள் என்று அவர் வருடக்கணக்கில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருந்த கீற்றுக்கொட்டகைக்கு ஈ கூட வந்ததில்லை. இப்போது இடமில்லாமல் நின்றார்கள். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பல் போனவர்கள் எல்லாரும் அ, ஆ என்று கத்தினார்கள். உரிமையைப் படிக்க வராதவர்கள் பக்கத்து வீட்டுக்காரன் முதுகைப் படிக்க வந்திருந்தார்கள். "இந்த வேகத்தை அன்னைக்குக் காட்டியிருந்தா இந்நேரம் வலது கால் பூட்ஸும் வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

பஞ்சாயத்தும் தன் பங்குக்கு ஒரு விதி செய்தது. எழுத்து கழுத்தில் தொடங்கி இடுப்பு வேட்டிக்கும் கொசுவத்துக்கும் உள்ளே போய் முடிந்ததால், பெண்கள் இருக்கிற ஊர், வாசிப்பு இடுப்போடு நிற்க வேண்டும், அதற்குக் கீழே எவனும் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். கீழத்தருவை மனதார ஏற்றுக்கொண்டு மீறாமல் நடந்த ஒரே விதி அதுதான். போலீசும் முதுகை ஏற்றுக்கொண்டது. ஆடு திருடின வழக்கில் முதுகைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமென்று நீதிமன்ற நடுவரே சொல்லிவிட்டார். உச்சிவெயிலாக இருக்க வேண்டும், வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கு உறவில்லாத முதுகாக இருக்க வேண்டும், உறவில்லாத வாய் வாசிக்க வேண்டும், சாட்சிகள் காதில் விழும்படி உரக்க வாசிக்க வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்கான பிறகுதான் கம்பெனி புகார் கொடுத்தது. எல்லார் விவரத்தையும் எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிட்டது யார் என்று தேடிப் பார்த்தோம், மார்ச் பதினொன்றாம் தேதி, கனல்மொழியின் கணக்கிலிருந்து, அலுவலகத்தில் இருந்துகொண்டே செய்யப்பட்டிருக்கிறது, அவருக்குப் பூட்டுத் திறக்கும் பழக்கம் உண்டு, அவர் மடிக்கணினியில் அதற்கான கருவிகள் உண்டு.

அவள் வேலையைப் பறித்தார்கள், மடிக்கணினியைப் பறித்தார்கள். ஊருக்கு வந்த பஸ்ஸில் அவள் இறங்கியபோது டீக்கடையில் சுவரோரம் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள், மரியாதைக்கு அல்ல.

"கொள்ளி வச்ச கையில்லா" என்றார் தவசிக்கனி. "அன்னைக்கே சொன்னேன். தாய்க்கு வச்சா, இன்னைக்கு ஊருக்கே வச்சிட்டா."

நடந்தது இதுதான், அவள் அப்பாவிடம் சொன்னாள். அம்மாவைப் பாடையில் வைத்திருந்த காலையில் போன் செய்தது பிரகதீஷ், அவளுக்கு மேலே இருந்தவர். பெரிய அதிகாரிக்கு முன்னால் எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டும், உங்கள் லாகினும் பாஸ்வேர்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். காட்டி முடித்தவர் மூடவில்லை. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினவள் இணையப் பக்கத்து முகவரியின் கடைசி எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த ஆளின் ஜாதகமே வந்து நிற்பதைக் கண்டு, திறந்து கிடக்கிறது, மூடுங்கள் என்று மூன்று முறை எழுதினாள். பார்க்கலாம் என்று பதில் வந்தது. இப்போது திறந்த தேதியை அவள் அலுவலகத்தில் இருந்த ஒரு நாளுக்கு மாற்றிவிட்டார்கள்.

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஊருக்கே பாடம் நடத்துனவ, நீ ஏன் சொன்ன?"

"நீங்க ஒண்ணையும் யோசிக்காதீங்க, அம்மா பக்கத்துல இருங்கன்னு சொன்னாருப்பா. அன்னைக்கு அந்த மாதிரி ஒரு வார்த்தைய யாருமே சொல்லல. அதுக்காகச் சொல்லிட்டேன்."

மாசானத்துக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் துண்டை உதறினார்.

கைது செய்ய ஆள் வரப்போகிறது என்று தெரிந்த நாளன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நாற்பது வருடம் ஊருக்கு வாசித்த மனிதருக்கு அவர் முதுகை வாசித்துக் காட்ட ஆளில்லை. பேச்சி இருந்திருந்தால், எழுத்துத் தெரியாவிட்டாலும் விரலால் தடவியே சொல்லியிருப்பாள். கோடாலியை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இதை வாசி. விடாம வாசி."

அவள் வாசித்தாள். பெயர், தகப்பன் பெயர், ரத்தம். பிறகு ஒரு வரி தாண்டினாள்.

"விட்டுட்ட."

"அப்பா…"

"நான் என்னைக்காவது ஒரு வரி விட்டிருக்கேனா?"

அவள் வாசித்தாள். சாதி என்ற இடத்தில் இல்லை என்று எழுதச் சொல்லி, எழுதினேன் என்று வாரியத்துக் குமாஸ்தா சொன்னதை நம்பி வந்திருந்தார். அது இருந்தது. எந்தப் பெயரைச் சொல்லித் தன் தகப்பனை வரப்பிலிருந்து இறங்கச் சொன்னார்களோ, எந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை என்று பதினெட்டு வயதில் முடிவு செய்தாரோ, அது எழுத்துப் பிசகாமல் தன் தோலிலேயே விளைந்திருந்தது. அவர் விறகுக்கட்டையில் உட்கார்ந்தார்.

அப்போது அவள் கேட்டாள், குரலே வேறாக இருந்தது. "இது இடுப்போட முடியலையே. வேட்டிய ஒரு விரக்கடை இறக்குங்க."

"ஊரு விதி…"

"விதி கிடக்கட்டும். கதவு திறந்து கெடக்கும்போது வேண்டியது மட்டுமா வெளிய வரும், அந்த ஆளப் பத்தி வச்சிருக்க மொத்த வரியும்லா வரும். கடைசியா யாரு எப்ப கை வச்சாங்கன்னும் அதுல உண்டு. நாந்தானப்பா அந்தப் புரோகிராமை எழுதுனேன்."

இறக்கினார். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அவர் முதுகில் நெற்றியை வைத்து அழுதாள், உப்பு கரைந்துவிடும் என்ற நினைப்பே இல்லாமல்.

"என்னட்டி இருக்கு?"

"எம் பேருதான் இருக்கு. ஆனா தேதி, அம்மாவக் கொண்டுபோன நாளு."

மாசானம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இடுப்புக்குக் கீழே உள்ள வரியையும் வாசிக்க வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்தார். உள்ளே வரச் சொன்னார்கள், எழுந்து போகச் சொன்னார்கள், ரெண்டும் செய்யவில்லை. ஏழு அநியாயத்தையும் வரிசையாகச் சொல்லி முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "ஓய், சரி. வாசிச்சுப் பாத்துருவோம். ஆனா ஒம்ம முதுகு செல்லாது, ஒம்ம வாயும் செல்லாது. வேற முதுகு கொண்டாரும். எறக்கிக் காட்டச் சம்மதிக்க முதுகு."

ஊர் கிராம அலுவலகத்தின் முன்னால் உச்சிவெயிலில் கூடியது. கம்பெனியிலிருந்து பிரகதீஷ் வந்திருந்தார், மார்ச் பதினொன்று என்று அச்சடித்த காகிதத்தோடு, கார் ஏ.சி. குளிர் இன்னும் சட்டையில் இருக்க. கனல்மொழி தனியாக நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆள் இல்லை.

"யாரு முதுகு தாரீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒருவரும் அசையவில்லை. நாற்பது வருடம் யாருக்காகத் தொண்டை கிழிய வாசித்தாரோ அந்த முகங்களை மாசானம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலவற்றுக்குச் சிறையிலிருந்து விடுதலை வாங்கித் தந்திருந்தார், சிலவற்றுக்குப் பிணம் தூக்கியிருந்தார். எல்லாம் தரையைப் பார்த்தன. இடுப்புக்குக் கீழே வாசிக்கக் கூடாது என்ற விதியை அன்றைக்குப்போல அவர்கள் என்றைக்கும் மதித்ததில்லை.

கூட்டத்துக்கு வெளியே, யாரும் பக்கத்தில் நிற்காத இடத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. இசக்கிமுத்து வந்தார். அவருக்கு டீக்கடையில் தனித் தம்ளர் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எனக்கு இனிமே மறைக்க என்னவே மிச்சம் இருக்கு?" என்றார். சட்டையைக் கழற்றினார். மாசானத்தைத் தாண்டிப் போகும்போது, "ஒமக்காக இல்ல, பாத்துக்கிடும். அந்தக் கொள்ளி விஷயத்துல ஒம்மமேல எனக்கு இன்னும் வருத்தந்தான். நான் அன்னைக்கு மறிக்கத்தான் வந்தேன்" என்றார்.

"தெரியும்" என்றார் மாசானம்.

"யாரு வாசிக்கா?"

"கங்காணி வாசிக்கட்டும்" என்றாள் கனல்மொழி. அவள் அன்று பேசியது அது ஒன்றுதான். "அவரு எனக்காகப் பொய் சொல்ல மாட்டாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தவசிக்கனி மறுக்க முடியாமல் முன்னால் வந்தார். மறுத்தால் அவருக்கு எழுத்துத் தெரியாது என்று நினைப்பார்கள். மாசானத்தின் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முக்காடு போட்டுக்கொண்டு, அவரும்தான் கற்றிருந்தார்.

இசக்கிமுத்து வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். விளைவதற்கு நேரம் எடுக்கும், அது அளத்து ஆட்களுக்குத் தெரியும். முதலில் கழுத்தடியில் வெள்ளை கட்டியது, பிறகு தோள்பட்டைக்கு இடையில், பிறகு வரிவரியாகக் கீழே இறங்கியது. தவசிக்கனி பெயரிலிருந்து தொடங்கி வாசித்தார். நோய் வந்த இடத்தில் அவர் குரல் தானாகத் தாழ்ந்தது. "சத்தமா" என்றார் இசக்கிமுத்து, திரும்பாமல். "இப்ப மட்டும் என்ன?" சத்தமாக வாசித்தார்.

இடுப்பு வந்தது. இசக்கிமுத்து வேட்டி முடிச்சை அவிழ்த்து ஒரு விரற்கடை இறக்கினார். பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள்; காதைத் திருப்பவில்லை.

"பார்வை," என்று தவசிக்கனி வாசித்தார், "எல்லாருக்கும் திறந்தது. திறந்த நாள்…" குனிந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "பிப்ரவரி இருபத்தொண்ணு. காலம்பர பதினொரு மணி."

சந்தனமாரி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். அவள் பக்கத்தில் நின்றவள் எண்ணவே இல்லை. அந்த ஊரில் அந்தத் தேதியை எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டியவர் யாரும் இல்லை.

"அது கொள்ளி வச்ச நாளுல்லா" என்றது ஒரு குரல்.

"அன்னைக்கு அவ எங்க மதுரையில இருந்தா? பதினொரு மணிக்குப் பாதையில்லா மறிச்சோம்!"

"எங்கண்ணால பாத்தேன். ரெண்டு கையிலயும் சட்டி. போனு கீனு ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் வரைக்கும் அங்கதான் நின்னா, வெக்கங்கெட்ட கழுத."

"நானும் பாத்தேன். சாமிய வச்சிச் சத்தியம் பண்ணுவேன்."

ஏசுகிற குரலில்தான் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு, அவள் அந்த நாளில் எங்கே நின்றாள், எந்தக் காலை முன்னால் வைத்தாள், எப்படிச் சட்டியை உடைத்தாள் என்று இன்ஸ்பெக்டரிடம் குற்றம் சொன்னார்கள். அவர் அதை எல்லாம் எழுதிக்கொண்டார். தன் மகள் மேல் இவர்கள் வைத்திருந்த வெறுப்பு இவ்வளவு துல்லியமானது என்று மாசானத்துக்கு அதுவரை தெரியாது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிரகதீஷ் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை வியர்த்திருந்தது, ஆனால் அதில் ஒன்றும் விளையவில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "யாரு பேருல திறந்திருக்கு? முழுசா வாசியும். சாட்சி இருக்காங்க."

தவசிக்கனி நிமிர்ந்து கனல்மொழியைப் பார்த்தார், பிறகு மாசானத்தை. அந்த நாளில் அவள் சுடுகாட்டில் நின்றதற்குத் தானே முதல் சாட்சி என்பது அவருக்கும் அப்போது உறைத்திருக்க வேண்டும். பெயரை விழுங்கிவிட்டால் போலீஸ் அந்த நாளையும் நம்பாது, வாசித்தால் அவள் பெயரில் வேறு யாரோ திறந்த நேரத்தில் அவள் நெருப்பு ஏந்தி நின்றதை ஊர் அறிய ஒப்புக்கொண்டது தன் வாய் என்றாகும். மாசானம் வாசல்களில் நிற்பதுபோல நின்றார், துண்டை உதறித் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு.

"விடாம வாசியும்வே" என்றார்.

சுடுகாட்டுப் பாதையில் அந்தப் பெயரைக் கத்தின அதே வாய், எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து, கொட்டகையில் கற்றுக்கொடுத்த மாதிரியே, செத்தவளின் எழுத்தையும் விடாமல், ஊர் கேட்க வாசித்தது:

"மா. பே. கனல்மொழி."